ஒப்பந்தம் இல்லாத நாடு

அந்த மின்விசிறியை நிறுத்தச் சொல்லலாம் அம்மா. எனக்காக இல்லை. தட்டச்சு செய்கிறவரின் காகிதம் பறந்துகொண்டே இருக்கிறது. அவர் பாவம், ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என் வாழ்க்கையை அடித்துக்கொண்டிருக்கிறார். தை மாதத்தில் அருப்புக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு காற்று வேண்டும் என்று கேட்கிற ஆள் நான் இல்லை. கரிமூட்டத்துப் புகையிலேயே தலை நரைத்தவன்.

இரண்டு தடவை எச்சரித்துவிட்டீர்கள். வாக்குமூலம் கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, கொடுத்தால் அது எனக்கு எதிராகவே நிற்கும், யோசிக்க நேரம் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் காதில் விழுந்தது. மாஜிஸ்திரேட் என்றால் இதையெல்லாம் சொல்லத்தான் வேண்டும். போலீஸ் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. வருகிற வழியில் பாலவனத்தத்தில் வண்டியை நிறுத்தி வடை வாங்கிக் கொடுத்தார்கள். ஊசிப்போன வடைதான், ஆனால் அதை மிரட்டலில் சேர்க்க முடியாது.

என் பெயர் ராஜகுரு. திருச்சுழிக்குக் கிழக்கே கருவேலங்காட்டுக்குள் இருக்கிறது எங்கள் ஊர். கருவேலத்தை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி, லாரி ஏற்றுவது என் தொழில். காண்ட்ராக்டர் சுந்தரபாண்டியின் கையை முறித்த வழக்குக்காக என்னை வெளிநாட்டிலிருந்து விமானத்தில் கூட்டிவந்திருக்கிறார்கள். முறித்தது நான்தான், அதில் தகராறே இல்லை. ஆனால் நான் பேச வந்தது கையைப் பற்றி அல்ல. அதற்கு முன்னால் ஒப்பந்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்கும் தெரியும் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

குற்றவாளிகளை ஒப்படைப்பதற்கு நாடுகள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. படித்தவர்கள் இதைப் பெரிய சங்கதி மாதிரிப் பேசுவார்கள். எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் கொண்டான் கொடுத்தான் உறவு இருக்கிறதல்லவா, அதுதான் இது. பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊரில் போய் நம் ஆள் ஒளிந்தால், ‘உங்க ஆளு இங்கனதான் இருக்கான், வந்து கூட்டிட்டுப் போங்க’ என்று சொல்லி அனுப்புவார்கள். சம்பந்தம் இல்லாத ஊர் என்றால் சோறு போட்டு வைத்துக்கொள்வார்கள், நம்மை எரிச்சல்படுத்துவதற்காகவே. நாடுகளும் இதே லட்சணம்தான். கோட் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சம்பந்தம் இருந்தாலும் கேட்டவுடன் ஆளைத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். செய்த காரியம் கேட்கிற நாட்டிலும் குற்றமாக இருக்க வேண்டும், கொடுக்கிற நாட்டிலும் குற்றமாக இருக்க வேண்டும். எங்கள் கோயில் எல்லைக்குள் செருப்புப் போட்டு நுழைந்தால் அபராதம். என் மகள் சுகந்தி இருக்கிற நாட்டில் செருப்புப் போடாமல் கடைக்குள் போனால் வெளியே அனுப்புகிறார்கள், என்னை அனுப்பினார்கள். இதற்கெல்லாம் ஆளைக் கேட்டால் சிரிப்பார்கள். கையை முறித்தவனைக் கேட்டால் கொடுப்பார்கள். கை எல்லா நாட்டிலும் கைதான். அப்புறம், தூக்குத் தண்டனை இல்லாத நாடு அது இருக்கிற நாட்டுக்கு ஆளைக் கொடுக்கும்போது, தூக்கில் போட மாட்டோம் என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் கொடுக்கும். பெண்ணைக் கொடுக்கிறவர்கள், பிள்ளை மேல் கை வைக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுப்பதில்லையா.

ஒப்பந்தமே இல்லாத நாடுகளும் உண்டு. என் பெரியப்பா மகன் தவசி அண்ணன் அப்படி ஒரு நாட்டில்தான் இருக்கிறார் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கண்மாயில் மண் அள்ள வந்த லாரியை மறித்து டிரைவரை அறைந்ததாக அவர் மேல் ஒரு வழக்கு இருந்தது. சம்மன் வந்த கொஞ்ச நாளில் ஆளைக் காணவில்லை. அவர் மனைவி சந்தனம்மாள் மதினியிடம் விவரத்தைச் சொன்னது நான்தான்.

“அண்ணன் வெளிநாட்டுக்குப் போயிட்டாக மதினி. அந்த நாட்டுக்கும் நமக்கும் ஒப்பந்தம் கெடையாது. போலீசு அவுகளத் தொட முடியாது.”

“ஒரு போனு போடக் கூடாதா தம்பி?”

“போனு போட்டா எடத்தக் கண்டுபிடிச்சிருவாங்க.”

“எந்த நாடுன்னாச்சும் சொல்லுங்க.”

“சொல்லக் கூடாது மதினி. அவுக நல்லதுக்குத்தான்.”

ஒரு அறைக்காக ஒருவன் நாட்டை விட்டு ஓடுவானா என்று ஊரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. வெளிநாடு என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. மதினி அன்றிலிருந்து டிவியில் செய்தி மட்டும்தான் பார்ப்பார். டெல்லியிலிருந்து யாராவது விமானம் ஏறி, எந்த நாட்டிலாவது இறங்கி, பேனாவை எடுத்தால் போதும், கொதிக்கிற உலையை அப்படியே விட்டுவிட்டு என்னிடம் ஓடிவருவார்.

“தம்பி, இன்னைக்கி எதோ நாட்டோட கையெழுத்துப் போட்டாகளே. அது இவுக இருக்கிற நாடா?”

“இல்ல மதினி. அது மாம்பழம் ஏத்துற ஒப்பந்தம்.”

முகம் மலர்ந்துவிடும். இரண்டு நாட்டுத் தலைவர்கள் கை குலுக்கினால் பதறுகிற ஒரே பெண்பிள்ளை எங்கள் வட்டாரத்தில் அவர்தான். பங்குனியில் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தார். என்ன வேண்டுதல் என்று பூசாரி கேட்டதற்கு, ‘ஒப்பந்தம் கையெழுத்தாகக் கூடாது’ என்றார். பூசாரி முழித்தார். மாரியம்மனும் முழித்திருப்பாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஒப்பந்தங்களில் எனக்கு ரொம்பப் பிடித்த விதி ஒன்று உண்டு. அதை எனக்குச் சொன்னவர் உக்கிரபாண்டி வக்கீல். காரியாபட்டி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஒருத்தருக்காகக் கேட்பதாகச் சொல்லித்தான் கேட்டேன்.

“எந்தக் குத்தத்தச் சொல்லி ஆளக் கேட்டு வாங்குறமோ, அத மட்டுந்தாண்ணே விசாரிக்கணும். அதுக்கு முந்தி அவன் பண்ணுன வேற எதையும் தொடக் கூடாது. தொடணும்னா அந்த நாட்டுக்கிட்ட மறுபடி கேட்டு அனுமதி வாங்கணும். லேசுல தர மாட்டாங்க,” என்றார் வக்கீல். பிறகு விரலைத் தூக்கி, “ஆனா ஒண்ணுண்ணே,” என்று ஆரம்பித்தார். அதற்குள் திருச்சுழி பஸ் வந்துவிட்டது. அதை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது. நான் ஏறிவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். மிகவும் நியாயமான விதி. சர்க்கரைப் பொங்கல் வைக்க என்று அடுத்த வீட்டில் வெண்கலப் பானையை இரவல் வாங்குகிறோம். அதில் கிடாய்க்கறி சமைக்கலாமா? கூடாது. கொடுத்தவர்கள் கேள்விப்பட்டால் ஆயுசுக்கும் பானை தர மாட்டார்கள். ஒப்படைக்கப்பட்ட ஆளும் இரவல் பானைதான். எதற்கு வாங்கினார்களோ அதற்கு மட்டும்தான் அடுப்பில் ஏற்றலாம்.

ஆக எனக்கு ஒரு சின்னக் குற்றம் தேவைப்பட்டது. சின்னதாகவும் இருக்க வேண்டும், டெல்லி வரையிலும் போக வேண்டும். முதலில் என்னிடம் வேலை பார்க்கிற தங்கபாண்டியின் கையைத்தான் நினைத்தேன். பக்கத்திலேயே இருக்கிறான், சொன்னால் கையை நீட்டவும் செய்வான். ஆனால் ஒரு கூலிக்காரன் கை முறிந்தால் அந்தக் கோப்பு திருச்சுழியைத் தாண்டாது. அவனைக் கூட்டிப்போய் மாவுக்கட்டுப் போட்டுவிட்டு, ஊரே சேர்ந்து சமாதானம் பேசி முடித்துவிடும். சுந்தரபாண்டி அப்படி இல்லை. கட்சியில் பொறுப்பு, மச்சினன் டெல்லியில் அதிகாரி. அவர் கைக்கு ஒன்று என்றால் கோப்பு தானாகவே விமானம் ஏறும்.

அவருக்கும் எனக்கும் பகை கிடையாது. என் மகள் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து பந்தியைக் கவனித்தவர். அவரைக் கடைவீதியில் எல்லோரும் பார்க்க மண்வெட்டிக் காம்பால் அடித்தேன். சாட்சி வேண்டுமல்லவா. இடது கையாகப் பார்த்துத்தான் அடித்தேன், சாப்பிடுகிற கைக்குத் தொந்தரவு வைக்கவில்லை. அன்றைக்கே மதுரைக்குப் போய் விமானம் ஏறினேன். விசா முன்பே எடுத்திருந்தேன். மகள் வீட்டில் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, போலீஸ் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைக்கு என் மேல் அவ்வளவு பிரியம், மாமா வந்ததிலிருந்து ரோஜா நன்றாகப் பூக்கிறது என்றார்.

எதற்காக இவ்வளவு சிரமம் என்று கேட்கிறீர்கள். தவசி அண்ணன் எந்த நாட்டிலும் இல்லை அம்மா. அவர் என் மூட்டத்தில் இருந்தார்.

மூட்டம் என்றால், வெட்டிய கருவேல விறகைக் கூம்பாக அடுக்கி, மேலே வைக்கோலும் ஈரமண்ணும் பூசி, உள்ளே மெதுவாகக் கனிய விடுவது. கோபப்பட்டு எரியவிட்டால் சாம்பல்தான் மிஞ்சும். பொறுமை வேண்டும், அது எனக்கு உண்டு. அன்றைக்கு விறகு அடுக்கி முடித்து, ஆட்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். தவசி அண்ணன் வந்தார்.

மாசிக்களரி நெருங்கிக்கொண்டிருந்தது. சிவராத்திரிக்கு எங்கள் குலசாமி இருளப்பசாமிக்கு நடக்கிற கும்பிடுதான் களரி. அங்கே முதல் மரியாதையாகத் தலையில் கட்டுகிற பரிவட்டம் மூத்த கொடிவழிக்கு உரியது. அதாவது அவருக்கு. அவருக்குப் பிறகு எனக்கு. மீசை முளைத்த நாளிலிருந்து ஒவ்வொரு களரியிலும் அவர் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். எனக்கு வேறு எந்த ஆசையும் இருந்ததில்லை. சொத்தில் நான் குறைந்தவன் இல்லை. அந்த ஒரு முழத் துணி என் தலையில் இருக்க வேண்டும், பங்காளிகள் எல்லோரும் அண்ணாந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

அண்ணன் விறகுக் கட்டையில் உட்கார்ந்து பீடியை எடுத்தார். “ஏலே குரு, இந்த வருசம் பரிவட்டத்த நீ கட்டிக்கலே. எனக்கு அந்தத் துணி பட்டாலே தலை அரிக்குது,” என்றார். சிரித்தார்.

அவர் நல்ல மனிதர். அதை மறுக்க மாட்டேன். ஆனால் நான் ஆயுள் முழுக்க ஏங்கியதை அவர் மிச்சச் சோறு மாதிரி என் பக்கம் தள்ளினார். அதை வாங்கிக் கட்டியிருந்தால், களரியில் நிற்கிற ஒவ்வொருவனும் அண்ணன் போட்ட பிச்சை என்றுதானே பேசியிருப்பான். எனக்குக் கோபம் வரவில்லை, அதைப் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். அசிங்கமாக இருந்தது. அவர் குனிந்து பீடி பற்றவைத்தபோது, மூட்டத்தைக் குத்திப் புகை விடுகிற கம்பியால் பின்தலையில் அடித்தேன். விழுந்துவிட்டார். இன்னொரு தடவையும் அடிக்க வேண்டியிருந்தது, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதால்.

ஆட்கள் சாப்பிட்டுத் திரும்பியபோது நான் பாதி மூட்டம் பூசியிருந்தேன். “மொதலாளி, நீங்களே பூசுறீகளா? நாங்க வரமாட்டமா?” என்று தங்கபாண்டி கூச்சப்பட்டான். மீதியை அவர்கள் பூசினார்கள். புகை அடங்கியதும், பிரிப்பதற்கு முன்னால் நானே போய் எடுக்க வேண்டியதை எடுத்து, மேற்கே இருக்கிற பாழுங்கிணற்றில் போட்டு மண்ணைத் தள்ளினேன். அவருடைய வெள்ளி அரைஞாண் கறுத்துக் கிடந்தது, அதையும் சேர்த்தே போட்டேன். அடுத்தவன் வெள்ளி எனக்கு எதற்கு. தோண்டிப் பார்த்தால் இருக்கும்.

கரியை வீணாக்கவில்லை. தட்டினால் கணீர் என்று சத்தம் வருகிற நல்ல கரி, கோயம்புத்தூர் லோடில் போனது. அதைப் பொறுக்கித் தரம் பிரிக்க வந்த பெண்களில் சந்தனம்மாள் மதினியும் இருந்தார். வீட்டுக்காரர் போன பிறகு கைச்செலவுக்கு வழியில்லை, என்ன செய்வார். வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெயிலில் உட்காராதீர்கள் மதினி, நிழலில் உட்கார்ந்து பொறுக்குங்கள் என்று சொன்னேன்.

இனிமேல் பரிவட்டம் எனக்குத்தான். ஆனால் அங்கே ஒரு முறை இருக்கிறது. கட்டுவதற்கு முன்னால் சாமியாடி அரிவாளை நெஞ்சுக்கு நேரே நீட்டி, எல்லோர் முன்னிலையிலும் கேட்பார்: “மறைச்ச பாவம் எதும் இருக்கா?” “மறைக்கல சாமி” என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அந்த அரிவாளுக்கு முன்னால் பொய் சொன்ன ஒரு பங்காளி, வாய் கோணி, கஞ்சி குடிக்க முடியாமல் கிடந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதல் வருடம் என் நாக்கு எழும்பவில்லை. காய்ச்சல் என்று சொல்லி ஒதுங்கிவிட்டேன். அடுத்த வருடம் வயிற்றுவலி. கட்ட ஆள் இல்லாமல் பரிவட்டத்தைச் சாமிக் கல்லுக்கே கட்டினார்கள். கல்லைப் பார்த்து நான் வயிறெரிந்து நின்றேன்.

நான் பொய்ச் சத்தியம் பண்ணாதவன் அம்மா. மதினியிடம் சொன்னது வேறு, அங்கே அரிவாள் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கவனியுங்கள். பாவம் செய்தாயா என்று இருளப்பசாமி கேட்பதில்லை. மறைத்தாயா என்றுதான் கேட்கிறார். செய்யாத மனிதன் எங்கே இருக்கிறான் என்று அவருக்கே தெரியும். ஆகவே, அதிகாரத்தில் இருக்கிற ஒருவரிடம், எழுத்துமூலமாக, நான் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். சொல்வதால் எனக்கு ஒன்றும் ஆகவும் கூடாது. இப்படி ஒரு வசதியை நம் சட்டத்தில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இரண்டு நாடுகள் சேர்ந்து எனக்காகவே எழுதிவைத்த மாதிரி, ஒப்பந்தத்தில் இருந்தது.

நான் நினைத்தபடியே சுந்தரபாண்டியின் மச்சினன் கோப்பைத் தள்ளினார். மகள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அழுதது சுகந்திதான். “ஒரு கைய முறிச்சதுக்கா இம்புட்டுத் தூரம் ஓடியாந்தீக?” என்று கேட்டாள். பிள்ளைக்கு எல்லாவற்றையும் விளக்க முடியுமா.

ஒரே ஒரு சிக்கல். அந்த நாட்டில் இதற்கு விசாரணை வைப்பார்கள், அதன் மேல் அப்பீல், அதற்கு மேல் அமைச்சர் என்று வருடக்கணக்கில் இழுக்கும் என்றார் அரசு கொடுத்த வக்கீல். எனக்கோ மாசிக்களரி வந்துகொண்டிருந்தது. இந்த வருடமும் நான் வந்து நிற்கவில்லை என்றால், பரிவட்டத்தை இளைய கொடிவழிக்கு, மருதுபாண்டிக்கு மாற்றிவிடுவதாகப் பங்காளிகள் கூடிப் பேசிவிட்டார்கள். நேற்று வரை மூக்கொழுகித் திரிந்தவன். நான் அடித்தது அவனுக்காகவா?

அந்தக் கோர்ட்டில் மொழிபெயர்த்தது யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். நீதிபதி சொல்லச் சொல்ல அவர் பொறுமையாகச் சொன்னார். “ஐயா, நீங்களாகவே போறதெண்டால் விசாரணை இல்லை, கெதியா அனுப்பிப்போடுவினம். ஆனால் ஒப்பந்தம் தாற பாதுகாப்பையும் நீங்கள் விட்டுக்குடுக்க வேணும். பிறகு ஊரிலை வேற எந்த வழக்கும் உங்களுக்கு மேலை போடலாம். விளங்குதோ?”

“விளங்குது தாயி. சாமி கும்புடு வந்துருச்சு, செரின்னு சொல்லிருங்க.”

மூன்று தடவை கேட்டார்கள். கல்யாணத்தில்கூட இத்தனை தடவை சம்மதம் கேட்பதில்லை. மூன்று தடவையும் சரி என்றேன். கேட்கிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள், சம்பிரதாயம். உடனே ஏற்றி அனுப்பிவிட்டார்கள். விமானத்தில் சாப்பாடு பரவாயில்லை.

ஏனம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்?

என்ன கேட்டீர்கள்? இல்லை, காதில் விழுந்தது. “பானையே வாயத் தெறந்து, எங்கிட்ட என்னத்த வேணும்னாலும் சமைச்சுக்கங்கன்னு சொல்லிட்டா?” என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. தட்டச்சு செய்கிறவர்கூட நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறார்.

அப்படி ஆகாது அம்மா. ஒப்பந்தம் இரண்டு நாடுகளுக்கு நடுவில் இருக்கிறது. அதை விட்டுக்கொடுக்க நான் யார்? கல்யாணப் பெண் எனக்குச் சீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் சம்பந்தமே முறிந்துவிடுமா? உக்கிரபாண்டி வக்கீல் பஸ் ஸ்டாண்டில் சொல்ல வந்த ‘ஆனா ஒண்ணு’ இதுவாக இருக்காது. அது அவர் பீஸைப் பற்றியதாக இருக்கும். அந்த ஆள் அப்படித்தான்.

நீங்கள் எழுதுங்கள். தவசியைக் கொன்றது நான். மூட்டத்தில் வைத்து எரித்ததும் நான். எதையும் மறைக்கவில்லை. படித்துக் காட்ட வேண்டியதில்லை, கையெழுத்துப் போடுகிறேன். கை முறித்த வழக்கில் மட்டும் சிவராத்திரிக்குள் ஜாமீன் கிடைத்தால் போதும். ‘மறைக்கல சாமி’ என்று சொல்ல நாக்கு இப்போதே துறுதுறுவென்று இருக்கிறது.

இன்னும் ஒரு விஷயம். வண்டியிலிருந்து இறங்கும்போது பார்த்தேன், சந்தனம்மாள் மதினி வெளியே வேப்பமரத்தடியில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருக்கிறார். எனக்குச் சோறு கொண்டுவந்திருப்பார். நெற்றி நிறையப் பொட்டு வைத்திருக்கிறார், அதுவும் என்னால் நிலைத்ததுதான். என்னையே வெளிநாட்டிலிருந்து பிடித்துவந்துவிட்டார்கள் என்றதும் அண்ணனை நினைத்துப் பயந்துபோயிருப்பார். நான் இங்கே சொன்னதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டாம். கேட்டால், அந்த நாட்டோடு இன்னும் கையெழுத்தாகவில்லை என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.